அரை ஆழாக்கு அரிசி

என் வீட்டுக்காரருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மகனும் மகளும் ஊருக்குக் கிளம்பிப் போன மறுநாள் காலை. அரிசிப் பானைக்குள் ஆழாக்கை விட்டு அள்ளினேன். ஒன்று, இரண்டு. களைந்து, கல் பார்த்து, உலையில் போடப் போகும்போதுதான் உறைத்தது. இரண்டாவது ஆழாக்கு யாருக்கு? 34 வருஷம் அளந்து பழகிய கை, அதுபாட்டுக்கு அளந்துவிட்டது. களைந்த அரிசியைத் திரும்பப் பானையில் போட முடியாது. ஆக்கினேன். அந்தச் சோறு மூன்று வேளைக்கு வந்தது. மூன்றாவது வேளை மோரை ஊற்றிக் கரைத்து, அடுப்படியிலேயே நின்றபடி குடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அதற்குப் பிறகு அடுப்பு பற்றவைப்பதே மெல்ல மெல்லக் குறைந்தது. "ஒத்த ஆளுக்கு என்னத்தச் சமைக்க?" பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இந்தப் பேச்சைச் சொல்லாத தனியாள் இல்லை. நானும் சொன்னேன். காலையில் காபியும் இரண்டு ரஸ்க்கும். பதினொரு மணிக்கு மோர்ச்சோறும் ஊறுகாயும். சாயங்காலம் மறுபடி காபி. ராத்திரி கடை மாவில் இரண்டு இட்லி, தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடி. ஒன்பது மணிக்கு மஸ்கட்டிலிருந்து மகள் கூப்பிடுவாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு."

பொய் சொல்லவில்லை. என்ன சாப்பிட்டேன் என்பதை மட்டும் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் மூச்சு வாங்கியது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. பகலெல்லாம் ஓர் அசதி. துக்கம் உடம்பில் இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். பார்த்த டாக்டர் சின்னப் பெண். வயிற்றில் எங்காவது ரத்தம் கசிகிறதா, தைராய்டு சரியாக இருக்கிறதா என்றெல்லாம் சோதிக்க எழுதிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன சாப்பிட்டீங்கம்மா? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். சொன்னேன். நான்கு வரியில் முடிந்துவிட்டது. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "இதுல பருப்பு எங்கம்மா? காய் எங்க?"

நான்கு பேருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்குத் தொலைபேசி இணைப்பகத்தில் இணைப்புப் பலகை முன்னால் உட்கார்ந்தவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மாத்திரை கொடுத்தார், சாப்பிட்டேன். வேறு கோளாறு ஏதுமில்லை என்று சோதனைகள் சொல்லின. இதை அழுத்திச் சொல்கிறேன்: அசதி என்றாலே சாப்பாட்டுக் குறைதான் என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடக் கூடாது. முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். எனக்குக் குறை சாப்பாட்டில்தான் இருந்தது. அதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான், இத்தனை வருஷமும் எனக்குச் சமைக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு பாதி எனக்குத் தெரியவே தெரியாது என்று கண்டுகொண்டேன்.

ஐந்து பேருக்கு வைக்கிற சாம்பாரை ஐந்தால் வகுத்தால் ஒருவருக்கான சாம்பார் வராது. முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு பிடி பருப்பைப் போட்டால், விசில் வருவதற்குள் தண்ணீரெல்லாம் ஆவியாகிப் பருப்பு அடிப்பிடிக்கும். அகலமான சட்டியில் ஒரு டம்ளர் குழம்பு கொதித்தால் ஐந்து நிமிஷத்தில் சுண்டிப்போகும். ஏனென்றால் தண்ணீர் ஆள்கணக்குப் பார்த்து ஆவியாவதில்லை. பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகமாகப் போகும். அரைக் கரண்டி எண்ணெயைப் பெரிய சீனிச்சட்டியில் விட்டால் தட்டையாகப் பரவி, கடுகு வெடிக்கும் முன்னே புகைகிறது. உடனே இன்னொரு கரண்டி எண்ணெய் விடுகிறோம். தனியாள் வீட்டில் எண்ணெயும் உப்பும் கூடிப்போவதற்கு நாக்கைக் குறைசொல்லிப் பயனில்லை. பாத்திரம் பெரிது, அதுதான் காரணம்.

அதனால் முதலில் பாத்திரத்தை மாற்றினேன். பெரிய குக்கரைப் பரணில் ஏற்றினேன், பிள்ளைகள் வரும்போது இறக்கிக்கொள்ளலாம். இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று வாங்கினேன். அதற்குள் இரண்டு கிண்ணம் அடுக்கலாம். கீழே அரிசி, மேலே பருப்பு, பருப்பின் மேல் இரண்டு துண்டு பூசணியோ கேரட்டோ. ஒரே ஆவியில் மூன்றும் வெந்துவிடும். சாம்பாருக்கு அரை லிட்டர் பிடிக்கிற, வாய் குறுகிய பாத்திரம். தாளிக்க, உள்ளங்கை அகலமுள்ள தாளிப்புக் கரண்டி. என் மாமியார் வைத்துப்போன சின்ன இரும்புச் சீனிச்சட்டி துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் தேய்த்து, எண்ணெய் தடவிக் காயவைத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தேன். புளியோ தக்காளியோ சேர்ந்த பண்டத்தை இரும்பில் சமைத்தால் இரும்புச்சத்து கொஞ்சம் உணவிலும் இறங்கும். ஆனால் புளிப்பான பதார்த்தத்தை அதிலேயே வைத்திருக்கக் கூடாது. இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் கறுத்து, வாயில் இரும்பு ருசி அடிக்கும்.

பிறகு அளவு. ஆழாக்கு என்பது நாழியில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 168 மில்லி. அதில் அரை ஆழாக்கு அரிசி என்றால் 70 கிராம் சொச்சம். எனக்கு ஒரு வேளைக்கு அது போதும். என் ஆழாக்கு பித்தளை. உள்பக்கம் பாதி உயரத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். கை பழைய கணக்கில் அளக்கப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கோடு தடுத்து நிறுத்தும்.

கணக்கு எனக்குப் பிடித்த விஷயம். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரையைத் தேடிப் படித்தேன். அந்த நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில்தான். 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி நோயை ஆராய ஒரே ஓர் அறையில் தொடங்கியது, 1958-இல் ஐதராபாத்துக்குப் போனது. பெரிபெரி யாருக்கு வந்தது? தவிடு போகத் தீட்டிய வெள்ளைச் சோற்றையே வயிறு நிரம்பத் தின்று, தொட்டுக்கொள்ள வேறு சத்தில்லாமல் இருந்தவர்களுக்கு. நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தச் செய்தியைப் படித்தபோது என் மோர்ச்சோறு ஞாபகம் வந்து நெஞ்சை என்னவோ செய்தது. வயிறு நிரம்புவது வேறு, உடம்புக்குச் சேருவது வேறு.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நான் 55 கிலோ. ஆக, 45 கிராமுக்கு மேலே. என் பழைய நான்கு வரிச் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். காபியில் விட்ட பால், மோர், இட்லியில் இருந்த உளுந்து எல்லாம் சேர்த்தும் 30 கிராமைத் தொடவில்லை. வயது ஏற ஏறத் தசை தானாகவே கரையும். புரதமும் குறைந்தால் அது இன்னும் வேகமாகக் கரையும். படியேற முடியாமல் போனதில் ரத்தசோகைக்கு ஒரு பங்கு, இதற்கும் ஒரு பங்கு.

2024-இல் அவர்கள் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 2,000 கிலோகலோரி தேவைப்படுகிற ஒருவருக்குக் காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு பயறு வகை 85 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி என்று தட்டை வகுத்திருக்கிறார்கள். அரிசி, கோதுமையிலிருந்து வருகிற சக்தி மொத்தத்தில் 45 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்கிறார்கள். என் வயதுக்கும் நடமாட்டத்துக்கும் அவ்வளவு சக்தி வேண்டாம். ஆனாலும் தட்டில் எது எவ்வளவு என்கிற விகிதத்தைப் பாருங்கள். நம் வீட்டுத் தட்டில் சோறு மலையாகவும் காய் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் இருப்பதை அது அப்படியே தலைகீழாக்குகிறது.

இந்தக் கணக்கைச் சமையலாக்க எனக்குக் கைகொடுத்தது புது ரெசிபி எதுவுமில்லை. எங்கள் ஊரின் உளுந்தஞ்சோறு. நெல்லைப் பக்கம் பெண்பிள்ளை பெரியவளானால் உளுந்து கொடுப்பார்கள், இடுப்புக்குப் பலம் என்று. அதை ஏதோ சடங்குக்கு உரிய பண்டமாக நினைத்து மறந்திருந்தேன். தனியாளுக்கு இதைவிடத் தோதான சாப்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

கால் ஆழாக்கு தொலி உளுந்து. வெள்ளை உளுந்து வேண்டாம், கறுப்புத் தோலோடு உடைத்ததுதான் வேண்டும். வெறும் சட்டியில், சின்னத் தீயில் வறுக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். கரண்டியால் கிளறிக்கொண்டே காதைக் கொடுத்தால், சரசரவென்று இருந்த சத்தம் லேசாகி, சின்னச் சின்ன வெடிப்பாக மாறும். கறுப்புத் தோலுக்குப் பக்கத்தில் தெரிகிற வெள்ளை, மெல்லப் பொன்னிறமாகும். அப்போது ஒரு வாசம் எழும். அந்த வாசம் வாசல்வரை போகும். அதோடு அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினால் கசந்துபோகும்.

அரை ஆழாக்கு புழுங்கல் அரிசியை உளுந்தோடு சேர்த்துக் களைந்து குக்கரில் போட்டு, எட்டுப் பல் பூண்டை உரித்து முழுசாகவே போடுவேன். கால் தேக்கரண்டி வெந்தயம், அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு பிடி தேங்காய்த் துருவல், உப்பு. தண்ணீர் இரண்டரை ஆழாக்கு. ஐந்து விசில். திறந்தால் குழைவாக இருக்க வேண்டும், பொலபொலவென்று இருந்தால் தொண்டையில் நிற்கும். மேலே ஒரு சொட்டு நல்லெண்ணெய். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். இரண்டு கரண்டி கறுப்பு எள்ளைப் பொரிய வறுத்து, வற்றல் மிளகாய், புளி, பூண்டு, தேங்காய், உப்பு வைத்து அரைப்பது. அரிசியிலும் உளுந்திலுமாக அந்த ஒரு தட்டிலேயே 13 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. எள்ளில் இருப்பது தனி. பக்கத்தில் ஒரு கிண்ணம் அவியலோ பொரியலோ இருந்தால் மதியச் சாப்பாடு நிறைந்துவிடும். கழுவ வேண்டியது குக்கர் ஒன்று, மிக்ஸி ஜார் ஒன்று.

மாடியில் வாடகைக்கு இருக்கிற தம்பி ஒருநாள் அந்த வாசத்துக்கு இறங்கி வந்து, "அம்மா, எங்க ஆச்சி வீட்டு வாசம் அடிக்கு" என்றான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். ராத்திரி எல்லாம் புரோட்டா, பகலில் போனில் வரவழைக்கிற பொட்டலச் சோறு. அவனிடம் இருப்பது ஒரு கரண்ட் ரைஸ் குக்கர்தான். "அது போதும்ப்பா. உளுந்தை மட்டும் இங்க வந்து வறுத்துக்கோ" என்றேன். வறுத்ததை அரைக் கிலோ டப்பாவில் கொண்டுபோய் வைத்திருக்கிறான். ரைஸ் குக்கரில் செய்வதாக இருந்தால் அரிசியையும் உளுந்தையும் அரைமணி ஊறவைக்க வேண்டும், தண்ணீர் இன்னும் அரை ஆழாக்குக் கூட. மறுபடி ஒருநாள் வந்து, "முட்டை அவிச்சு வச்சுக்கலாமாம்மா?" என்று கேட்டான். தாராளமாக. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். சோறு வேகும்போதே மேல் தட்டில் ஆவியில் வைத்தால் அதற்கென்று தனியாக அடுப்பும் வேண்டாம்.

ருசியாகச் செய்ய வேண்டும் என்பதைவிட, வீணாகாமல் செய்ய வேண்டும் என்பதுதான் தனியாள் சமையலில் பெரிய சவால். பருப்பை மூன்று நாளைக்குச் சேர்த்து வேகவைக்கிறேன். ஆறியதும் மூன்று சின்ன டப்பாவில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். முதல் நாள் சாம்பார், மறுநாள் முருங்கைக்கீரை போட்டுக் கூட்டு, மூன்றாம் நாள் கெட்டியாக ரசம். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் வைத்து, தினமும் முழுசாகச் சூடு பண்ணித் திரும்ப உள்ளே வைப்பது நல்ல பழக்கமில்லை. எடுக்கிற டப்பாவை அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

சோற்றில் இன்னும் கவனம் வேண்டும். மதியம் வடித்த சோறு ராத்திரிவரை அடுப்படியிலேயே மூடிக் கிடக்கும், சூடுபண்ணிச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் எல்லோர் வீட்டுப் பழக்கமும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்கிற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். கொதியில் அவை சாவதில்லை. வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் தனியாக இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுக்கக்கூட ஆள் கிடையாது. அதனால் அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள். அரை ஆழாக்கு மட்டும் வைத்தால் இந்தக் கவலையே இல்லை.

காபிக்கு நான் அடிமை. விடவில்லை, நேரத்தை மட்டும் மாற்றினேன். சாப்பாட்டோடு சேர்த்துக் காபியோ டீயோ குடித்தால் கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடைபடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கிறேன். கீரைப் பொரியலை இறக்கியதும் அரை மூடி எலுமிச்சை பிழிகிறேன். எலுமிச்சையில் இருக்கிற வைட்டமின் சி அந்த இரும்பை உள்ளே இழுத்துக்கொள்ள உதவும். ரஸ்க்கின் இடத்தில் இப்போது ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலையோ, முந்தின நாள் ஊறப்போட்ட சிறுபயறோ இருக்கிறது. பால், முட்டை, மீன் எதுவுமே சேர்க்காதவர்கள் பி12-ஐயும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது, செடி கொடியிலிருந்து அது கிடைக்காது.

கடைகண்ணிக்குப் போவதும் மாறியது. காய்கறிக் கடையில் கால் கிலோ கேட்கக் கூச்சமாக இருந்த காலம் உண்டு. மகாராஜநகர் உழவர் சந்தையில் அந்தக் கூச்சம் போயிற்று. அங்கே நூறு கிராம் பீன்ஸும் தருவார்கள், இரண்டு கத்தரிக்காயும் தருவார்கள். அவியலுக்கு என்று சொன்னால் ஒரு வாழைக்காய், ஒரு முருங்கைக்காய், ஒரு துண்டு சேனை, நாலு சீனியவரை என்று அவர்களே பொறுக்கிப் போடுவார்கள். இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று ஏழெட்டுக் காயைச் சேர்க்கிற அவியலைத் தனியாளுக்கென்றே யாரோ கண்டுபிடித்தது போல எனக்குத் தோன்றும். மீன்காரி சனிக்கிழமை காலையில் தூத்துக்குடி மீனோடு வருவாள். முதல் தடவை நான் தயங்கி நின்றபோது, "ஒத்த ஆளுக்கு எதுக்குக்கா சங்கடப்படுதீய? கால் கிலோ நெத்திலி போதும்லா" என்று அவளே நிறுத்துப் போட்டாள். நெத்திலியை முள்ளோடு சாப்பிடலாம் என்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

"இந்தத் தெருவுல ஒத்த ஆளு வீடு நாலு இருக்குக்கா" என்று சொன்னதும் அவள்தான். எனக்கு அதுவரை அந்தக் கணக்குத் தெரியாது. எல்லாம் பெண்கள். என்னையும் சேர்த்து மூன்று பேர் புருஷனை இழந்தவர்கள், ஒருத்தி கல்யாணமே செய்துகொள்ளாத டீச்சர். கால் கிலோவில் வாங்க முடியாத பண்டங்கள் சில இருக்கின்றன. வாழைப்பூ, வாழைத்தண்டு, கீரைக்கட்டு, தேங்காய். அவற்றை நால்வரும் சேர்ந்து வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று ஆரம்பித்து ஆறு மாசம் ஆகிறது. வியாழக்கிழமை என் முறை.

சாப்பாட்டை மாற்றி ஆறு மாசத்துக்குப் பிறகு எடுத்த சோதனையில் ஹீமோகுளோபின் 11.6 வந்தது. இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். நின்றுகொண்டு சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். கொல்லையில் வாழை இருக்கிறது, நுனி இலை ஒன்றை நறுக்கி மேஜையில் போட்டு, தண்ணீர் தெளித்து, எல்லாவற்றையும் பரிமாறிய பிறகுதான் உட்காருகிறேன். மகள் ராத்திரி கூப்பிட்டால், "என்னம்மா சாப்பாடு?" என்றுதான் இப்போது கேட்கிறாள். நானும் ஒன்று விடாமல் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை வாழைப்பூ வாங்கினேன். என் பங்கில் பாதியை எடுத்துக்கொண்டு மூன்று வீடு தள்ளி இருக்கிற மதினி வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி போய் எட்டு மாசம். திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் காபி டம்ளர், ஒரு பன் பாக்கெட். பூவைப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்குத் தாயி? இதை யாரு ஆய்ஞ்சுக்கிட்டுக் கிடக்க, ஒத்த ஆளுக்கு" என்றார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு முறத்தையும், மோர் விட்ட தண்ணீர்ச் சட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து அவர்கள் எதிரே உட்கார்ந்தேன். மடலைப் பிரித்து, பூவைக் கொத்தாக எடுத்து, நடுவில் இருக்கிற நரம்பை உருவி, ஒவ்வொன்றாக மோர்த்தண்ணீரில் போட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் பக்கத்திலிருந்து ஒரு கொத்தை எடுத்தார்கள்.